கூப்பிடு தூரம்

மான்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. லோர்னாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

வேலையிலிருந்து வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, வீங்கிப்போன கால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கும்போது பார்த்தாள். ஆப்பிள் மரத்தடியில் நாலைந்து பெட்டை மான்கள். மற்ற நாளாக இருந்தால் வண்டிக் கதவு சாத்தும் சத்தத்துக்கே வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்திருக்கும். இன்றைக்கு ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உதிர்ந்து புளித்துக் கிடந்த ஆப்பிளின் வாடை வாசல் முழுக்க வீசியது. அதையும் அவை மோந்து பார்க்கவில்லை. பழைய உருளைக்கிழங்கு வயலுக்கு அப்பால் காடு ஏறுகிற மேட்டையே, காதை விறைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றன.

நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். யோசிக்கிற தெம்பெல்லாம் காலையிலேயே தீர்ந்துபோயிருந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறைக்கு விடியுமுன் போனவள். கஞ்சித் தட்டு, மசித்த கேரட், மறுபடி கஞ்சித் தட்டு. லீவு போட்ட ஒருத்தியின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் பாத்திரம் கழுவும் சோப்பு நாறத் திரும்பி வந்திருக்கிறாள்.

புருஷன் ஆர்விட்டின் வண்டி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். அலமாரிக்கு மேலே கிடக்கும் அவனுடைய துணிப்பை இல்லை, சவரக்கத்தி இல்லை. சரி, துரை டுலூத் நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே அவன் சித்தப்பா மகன் கீத் இருக்கிறான். வீட்டில் சண்டை என்றால் அவன் சோபாவில் போய் ஒரு மாதம் கிடந்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரித் திரும்பி வந்து காபி கேட்பது ஆர்விட்டின் வழக்கம். முன்பே இரண்டு தடவை செய்திருக்கிறான்.

காலையில் அவள்தான் வாயை விட்டாள். மரம் அறுக்கும் ஆலையை மூடியதிலிருந்து ஆள் வீட்டோடு சரி. வேலை தேடுகிற மாதிரித் தெரியவில்லை. எந்நேரமும் மான் பேச்சுத்தான். எது எங்கே மண்ணைக் கீறியிருக்கிறது, எந்தக் கலைமான் கொம்பிலிருந்து தோலை உரித்துவிட்டது, எது கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரிந்துவிட்டது. மேட்டில் நிற்கும் பெரிய ஓக் மரத்தில் அவன் அப்பா காலத்து வேட்டைப் பரண் ஒன்று இருந்தது. அதற்கு வருஷா வருஷம் செய்கிற பணிவிடையில் பாதியைப் பெண்டாட்டிக்குச் செய்திருந்தால் அவள் மகாராணி. அதைத்தான் சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்கு ஆகவே ஆகாது.

"எங்கயாவது போய்த் தொலை, ஆர்விட்," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். அவன் போய்த் தொலைந்திருந்தான். நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். வெயில் இறங்கிவிட்டது. ஈர மண், மக்கும் இலை, யாரோ வீட்டு அடுப்பில் எரியும் பிர்ச் விறகு என்று அக்டோபருக்கே உரிய வாடைகள் ஒவ்வொன்றாக வந்துபோயின. அப்போதுதான் மேட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

உறுமல். தொண்டையின் அடியிலிருந்து வருகிற, பன்றி முனகுவதுபோலக் கட்டையான, கலைமானின் உறுமல். சுப்பீரியர் ஏரிக்கரைக் காட்டில் பிறந்தவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வார்கள். மூன்று உறுமல். கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. அவசர அவசரமாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

லோர்னா நிமிர்ந்து உட்கார்ந்தாள். கலைமான்கள் இணை தேடி இப்படி உறுமுவது நவம்பரில். இப்போதுதான் மேப்பிள் இலை சிவந்திருக்கிறது. ஒரு மாதம் முந்திக்கொண்டு இந்தத் துடிப்புத் துடிக்கிறதென்றால் ஆள் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்! உள்ளே உறைபெட்டியில் ஐஸைத் தவிர ஒன்றும் இல்லை. போன வருஷம் ஆர்விட் ஒன்றையும் அடிக்கவில்லை. கடை இறைச்சி வாங்கித் தின்பவர்கள் நகரத்துக்காரர்கள். இந்தக் கலைமான் மட்டும் மேட்டை விட்டு நகராமல் இருந்தால் குளிர்காலம் முழுக்க அடுப்புக்குக் கவலையில்லை.

நகராமல் வைக்க ஒரு வழி உண்டு. கதவுக்குப் பின்னால் ஆர்விட்டின் கத்தும் டப்பா கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற தகர டப்பா. கவிழ்த்து நிமிர்த்தினால் பெட்டை மான் போல 'மே' என்று இழுத்துக் கத்தும். பக்கத்தில் பெட்டை இருக்கிறது என்று தெரிந்தால் கலை இடத்தை விட்டுப் போகாது. அவள் அதை எடுத்துவந்து, விளக்கடியில் நின்று, ஒரு தடவை கவிழ்த்தாள்.

மேட்டில் சத்தம் சட்டென்று நின்றது.

பிறகு பிடித்ததே ஒரு பிடி. மூன்று, மூன்று, மூன்று என்று விடாமல், ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கடைசியில் பிசிறடித்துப்போகும் அளவுக்கு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடப்பாவி, இப்படியா அலைவாய். நான் இங்கேதான் இருக்கிறேன், போய்விடாதே என்பதுபோல் இன்னொரு தடவை டப்பாவைக் கவிழ்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள், விளக்கை அணைத்தாள், படுத்தாள். நல்ல தூக்கம்.

மறுநாளும் வந்தது. சத்தம் மெலிந்திருந்தது, இடைவெளி நீண்டிருந்தது. அவள் பதில் கொடுத்தாள். அதற்கு அப்புறம் அவசரம் போய்விட்டது. வெயில் இறங்கி, அவள் சமையலறை விளக்கைப் போட்டதும் மூன்று உறுமல். நிதானமாக, மூச்சே வாங்காமல். பிறகு அவள் டப்பாவைக் கவிழ்க்கும்வரை ஒரு காத்திருப்பு. பல் விளக்குவது மாதிரி அதுவும் ஒரு பழக்கமாகிப்போனது. என்றைக்காவது அலுப்பில் மறந்து படுத்துவிட்டால், எழுந்து வந்து கவிழ்த்தால்தான் அது அடங்கும்.

மேட்டுக்குப் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் துப்பாக்கி வேட்டைக்காரர் வீட்டில் எவரும் அதைச் செய்யமாட்டார்கள். இலை உதிரத் தொடங்கிவிட்டால், வேட்டை நாள்வரைக்கும் பரண் இருக்கிற காட்டில் ஆள் கால் வைக்கக்கூடாது. மனுஷ வாடை ஒரு தடவை பட்டால் போதும், மான் தலைமுறையாக நடந்த தடத்தையே மாற்றிக்கொள்ளும். வில்லுக்காரர்கள் அக்டோபரிலேயே மரமேறுவார்கள். ஆர்விட் அவர்களை மனுஷராகவே மதிப்பதில்லை. அவன் துப்பாக்கிக்காரன். துப்பாக்கி வேட்டை தொடங்கும் நவம்பர் பதினைந்து விடிகிறவரை மேட்டில் ஈ, காக்கா நுழையக்கூடாது. ஒரு வருஷம் சொந்த வீட்டு நாய் அங்கே ஓடிப்போனதற்கு, நாயோடு சேர்த்து அவளிடமும் ஒரு வாரம் பேசாமல் இருந்தவன்.

அதனால் அவள் போகவில்லை. அவனுக்காக அந்த மேட்டைக் காத்துவந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

அக்டோபர் போகப்போக மான்கள் பெருகின. பெட்டைகளோடு குட்டிகள், பிறகு இளம் கலைமான்கள். பழுப்பு ரோமம் உதிர்ந்து குளிர்காலத்துச் சாம்பல் நிறம் ஏறிய உடம்புகள், கொட்டகையை ஒட்டி, விறகு அடுக்கை ஒட்டி, ராத்திரியில் படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே அவற்றின் மூச்சு கேட்கிற அளவுக்கு நெருங்கி. எல்லாம் முகத்தை அந்தப் பக்கமே வைத்திருந்தன. நடுவில் ஒரு வாரம் மேட்டுக்கு மேலே அண்டங்காக்கைகள் வட்டமடித்தன. தெற்குக் காற்று வீசிய நாட்களில் ஒரு தித்திப்பான கெட்ட வாடையும் வந்தது. எந்த வில்லுக்காரனோ அரைகுறையாக அடித்துவிட்ட மான் அங்கே வந்து செத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சன்னலைச் சாத்தினாள்.

ஆர்விட்டின் போனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்தாள். அணைந்து கிடந்தது. கீத்துக்கு அடித்தாள். இங்கே வரவில்லையே என்றான் அவன். பின்னால் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஆம்பிளைச் சிரிப்புச் சிரித்தார்கள். போன தடவையும் இதே பொய்யைத்தான் சொன்னாய் கீத், வேறு ஏதாவது புதிதாகச் சொல்லு என்று சொல்லி வைத்துவிட்டாள். மனசு ஆறவில்லை. சிரிக்கிறானே, அங்கே உட்கார்ந்து சிரிக்கிறானே என்று இரண்டு நாள் எரிந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அதற்கும் சலிப்பாகிவிட்டது.

அடுத்த வீட்டு ரூடி சாலோ ஒரு மாலை புகையில் வாட்டிய மீனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். அடுத்த வீடு என்றால் அரை மைல். எழுபதைத் தாண்டியவர், ஆலையில் ரம்பத்துக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்ததில் காது போய்விட்டது. முற்றத்து மான்களை விரல் விட்டு எண்ணினார்.

"மாட்டுப் பண்ணையா வச்சுருக்க?"

எனக்கென்ன தெரியும், வருஷா வருஷம் வேட்டைக்கு முன்னால் இதுகள் இடம் மாறுவதுதானே என்றாள் லோர்னா. ரூடி ஒத்துக்கொள்ளவில்லை. மான் காலண்டர் பார்த்து இடம் மாறுவதில்லை என்றார். கோடையில் ஒன்றாகத் திரிந்த கலைகள் கொம்பு கடினப்பட்டதும் ஒன்றையொன்று பொறுக்காமல் பிரியும். ஓக் கொட்டை உதிர்ந்தால் எல்லாம் அதன் அடிக்குப் போகும். வயல் காய்ந்தால் வயலை விடும். அதெல்லாம் வயிற்றுக்காக. ஆனால் வேட்டைக்கு முன்னால் மாறுவது வாடைக்காக. ஆட்கள் பரணைச் செப்பனிட, கிளை கழிக்க, உள்ளே போய் வருவார்கள் அல்லவா, அந்தக் கால் வாடை. அதற்குப் பயந்துதான் ஓடும். இதை அவர் உரத்த குரலில், செவிடர்கள் பேசுகிற மாதிரி, மான்களுக்கும் சேர்த்துச் சொன்னார்.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உன் மேட்டுல ஆள் இருக்கு, பொண்ணே."

"ஆர்விட் டுலூத்துல இருக்கான், ரூடி."

"நான் ஆர்விட்னு சொன்னனா? ஆளுன்னு சொன்னேன். வந்துட்டுப் போற ஆளா இருந்தா, போனதும் மான் திரும்பியிருக்கும். அந்த ஓக் கொட்டைய விட்டுட்டு இதுங்க ஏன் இங்க பட்டினி கெடக்குதுங்க? அங்க இருக்கறவன் எறங்கறதே இல்ல."

யாராவது திருட்டு வேட்டைக்காரனாக இருக்கும் என்றாள். ஆனாலும் பெரிய கலை ஒன்று மேட்டை விடாமல் இருக்கிறது, தினமும் உறுமுகிறது, நானும் பதில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். சரியாக அதே நேரத்துக்கு அது உறுமியது. மூன்று. லோர்னா விரலைத் தூக்கிக் காட்டினாள். ரூடி காதில் இருந்த கருவியைத் திருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா எல்லா மானும் இங்க நிக்குது, லோர்னா. அப்ப அங்க கத்தறது எது?"

அவளுக்கு எரிச்சலாக வந்தது. நாள் முழுக்க நின்ற காலோடு இந்தக் கிழவனிடம் என்ன வாதம். மீனுக்கு நன்றி சொல்லி அனுப்பிவைத்தாள். அன்று டப்பாவைத் தொடக்கூடாது என்று நினைத்தாள். ஆனால் அது விடவில்லை. மூன்று. இடைவெளி. மூன்று. தலையணையைக் காதில் அழுத்தினாலும் மூன்று. கடைசியில் எழுந்து போர்வையோடு படியில் நின்று கவிழ்த்தாள். இந்தா, வாங்கிக்கொள். சத்தம் நின்றது. மான்கள் ஒன்றும் அசையவில்லை.

வேட்டைக்கு முந்தின நாள் வந்தது. ஊர் முழுக்க வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை. கடையில், பெட்ரோல் பங்க்கில், தேவாலய வாசலில், எங்கு பார்த்தாலும் தாடி வளர்த்த ஆம்பிளைகள் சின்னப் பிள்ளைகள் மாதிரிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். முதியோர் இல்லத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவர்கள்கூட ஆரஞ்சுத் தொப்பி கேட்டார்கள். லோர்னா மதியத்தோடு லீவு சொல்லிவிட்டு வந்தாள்.

ஆர்விட் இன்றைக்கு வருவான். வந்தே தீருவான். அப்பா செத்த வருஷமும், முதுகெலும்பு நழுவிய வருஷமும் வேட்டையின் முதல் நாளை விடாதவன். அவளுக்குக் கோபமெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டிருந்தது. இருபத்தாறு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன். குறட்டை விட்டாலும் அது ஒரு ஆள் சத்தம். வந்துவிடு, போதும், வந்து காபி கேள், தருகிறேன் என்றிருந்தது. அவனுக்குப் பிடித்த மாதிரி இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துப் பேஸ்டி சுட்டாள். கொல்லையில் சவுனா அடுப்பை மூட்டினாள். வேட்டைக்குப் போகுமுன் அந்த ஆவிக் குளியலில் வியர்த்து மனுஷ வாடையைக் கழுவிக்கொள்வது அவன் குடும்ப வழக்கம். கல் சூடேறிற்று. விறகு எரிந்து அடங்கிற்று. வண்டிச் சத்தம் கேட்கவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வந்தது ரூடிதான். வண்டியை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ஆர்விட் வந்துட்டான் போலயே."

"எங்க?"

"மேட்டுக்குப் பின்னால, ஜல்லிக் குழியில அவன் வண்டி நிக்குது. காத்து பாத்துப் பின்பக்கமா ஏறியிருக்கான், களவாணி. பொண்டாட்டி மூஞ்சில முழிக்காமலே மான அடிச்சுட்டுப் போயிரலாம்னு பாக்கறான்."

லோர்னாவுக்கு அழுகை வந்துவிட்டது. கையில் மாவோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படியானால் திருட்டு வேட்டைக்காரன் என்று நினைத்தது இவனைத்தான். டுலூத்தாவது ஒன்றாவது. கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு வீம்பு பிடித்திருக்கிறான். ரூடி வண்டியைத் திருப்பும்போது ஏதோ சொன்னார், வண்டியைக் கழுவச் சொல்லு, கண்ணாடி பூரா சிவப்பு இலை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று. அவள் காதில் அது சரியாக விழவில்லை.

பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டாள். டப்பா படியின் கைப்பிடிச் சட்டத்தில் இருந்தது, அதை எடுக்கவில்லை. பின்வாசல் விளக்கு எரியட்டும் என்று விட்டாள். பரண் காட்டில் முந்தின நாள் கால் வைக்கக்கூடாதுதான். வைத்தால் என்ன. மான் போனால் போகிறது, அவள் போய்க் கூட்டிக்கொண்டு வரப்போகிறாள்.

முற்றத்து மான்கள் விலகவில்லை. முழங்கையால் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. சூடான விலாக்கள், ஈர ரோமத்தின் கவிச்சி வாடை, புகையாக வெளிவரும் மூச்சு. ஒன்றின் கண்ணை அவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. வயலில் கால்வாசி தூரம்வரை அவை நின்றிருந்தன. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தரையை மூடியிருந்த உறைபனியில் ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. வெள்ளைத்தாள் மாதிரி மேடுவரைக்கும் வெறுமை.

காட்டுக்குள் நுழைந்ததும் இருட்டு ஒரு படி இறங்கியது. கிளைகளில் ஒரு இலை கிடையாது. காலடியில் பனி நொறுங்கியது. அப்போதுதான் ரூடி சொன்னது அவளுக்குள் தாமதமாக வந்து சேர்ந்தது.

சிவப்பு இலை.

மேப்பிள் இலை. அது விழுந்து முடிந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்றைக்கோ நேற்றைக்கோ வந்து நின்ற வண்டியின்மேல் விழுவதற்கு எந்த மரத்திலும் இலை இல்லை.

அவள் நடை தளர்ந்தது. நிற்கவில்லை. நின்றால் யோசிக்க வேண்டிவரும். துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவன், டுலூத்துக்குப் போகிற வழியில், இலை உதிருமுன் கடைசியாக ஒரு தடவை பரணைச் செப்பனிட்டுவிட்டுப் போகலாம் என்று ஏறியிருப்பான். அவன் அப்படித்தான். அன்றைக்கு. அதே அன்றைக்கு.

மேலே உறுமல் கேட்டது. வெகு பக்கத்தில்.

மூன்று.

அந்த ஊரில் பன்னிரண்டு வயதாகும் எந்தப் பிள்ளைக்கும் வேட்டை வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருவது ஒன்று உண்டு. காட்டில் வழி தவறினால், விழுந்தால், அடிபட்டால், வானத்தைப் பார்த்து மூன்று வெடி. கொஞ்சம் பொறு. மறுபடி மூன்று. துப்பாக்கி இல்லையா, கையில் இருப்பதைக் கொண்டு மூன்று சத்தம். லோர்னாவும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் கைதட்டி மூன்று மூன்றாகச் செய்து காட்டியிருக்கிறாள்.

"இல்ல," என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை. "இல்ல இல்ல."

ஓக் மரம் தெரிந்தது. பரண் தெரிந்தது. பரணுக்குக் கீழே ஒன்று தொங்கியது.

விழாமல் இருக்க மார்பில் கட்டிக்கொள்கிற வார் அவனைக் காப்பாற்றியிருந்தது. கீழே விழவில்லை. அடிப்பலகை ஒரு பக்கம் பெயர்ந்திருந்தது. அவன் எடை முழுவதும் வாரில் இறங்கி, வார் மார்பிலிருந்து தொண்டைக்கு ஏறி, தாடையை மேலே நெட்டித் தள்ளியிருந்தது. கத்த முடிந்திருக்காது. மூச்சு விடுவதே பாடாக இருந்திருக்கும். கழுத்துக் கயிற்றில் ஆர்விட் எப்போதும் மாட்டிக்கொள்ளும் உறுமல் குழல் இருந்தது. பலவீனமாக ஊதினாலும் கலைமான் போல உறுமும் குழல் அது.

பிளாஸ்க் கையிலிருந்து நழுவியது. காபி பனியில் ஆவி பறக்க ஓடியது.

ஏணியில் ஏறினாள். அவன் அவள் புருஷன். இறக்கத்தான் வேண்டும். படிகள் முனகின. அவன் பூட்ஸ் முகத்துக்கு நேரே வந்தது. பிறகு கை. தொட்டாள். விறகுக்கட்டை. பிறகு முகம்.

காக்கைகள் அதிகம் விட்டுவைக்கவில்லை. உதடு இல்லை. கன்னம் இல்லை. பற்கள் மட்டும், குழலை இறுகக் கடித்தபடி.

ஊத அவனுக்கு வாய் இல்லை.

குழல் உறுமியது. ஒன்று. இரண்டு. மூன்று. மார்பு அசையவில்லை. அவள் கையில் பற்றியிருந்த வார் மட்டும் அதிர்ந்தது.

லோர்னா அலறினாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள். காற்று மட்டும் வந்தது. காலடியில் படி மளுக்கென்று ஒடிந்தது, ஏணி சரிந்தது, அவள் வாரில் தொங்கினாள், வார் முழங்கையில் சுற்றி இறுகியது. தோள் கழன்றது. கால் காற்றில் துழாவியது. இருவரும் மெதுவாகச் சுழன்றார்கள். அவன் முகம் திரும்பியிருந்த பக்கமே அவள் முகமும் திரும்பி நின்றது.

மொட்டைக் கிளைகளுக்கு நடுவே நேர்க்கோடாக ஒரு இடைவெளி. அதன் முடிவில் அவள் வீடு. சமையலறைச் சன்னல். பின்வாசல் படி. அத்தனை பக்கத்தில். படியில் நிற்பவரின் முகம் தெரிகிற பக்கத்தில். அவன் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். அவள் சிரித்ததை. அவள் டப்பாவைக் கவிழ்த்ததை. அவள் கதவைச் சாத்திக்கொண்டதை.

கீழே பின்வாசல் கதவு திறந்தது.

ஒருத்தி வெளியே வந்தாள். லோர்னாவின் சாம்பல் நிற மேல்சட்டை. வீங்கிய காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிற நடை. விளக்கடியில் வந்து நின்று மேட்டைப் பார்த்தாள்.

நான் இங்கே இருக்கிறேன். இங்கே. மேலே பார். லோர்னாவின் தொண்டையில் காற்று சீறியது. அவ்வளவுதான். ஒரு கை வாரில். ஒரு கை செத்தவன் தோளில். முகத்துக்கு முன்னால், பற்களுக்கு நடுவே, குழல்.

அவள் குனிந்து அதில் வாயை வைத்தாள். மூன்று. மூச்சு வாங்கினாள். மூன்று.

படியில் நின்றவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். லோர்னாவின் அதே முகம் மலர்ந்தது. கைப்பிடிச் சட்டத்திலிருந்து எதையோ எடுத்துக் கவிழ்த்தாள். வயலைத் தாண்டி, பனியைத் தாண்டி, பெட்டை மானின் குரல் இழுத்துக்கொண்டு வந்தது.

லோர்னா ஊதினாள். மூன்று, மூன்று, மூன்று.

அந்தப் பெண் சிரித்தாள். இன்னொரு தடவை கவிழ்த்தாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. முற்றத்தில் மான்கள் எல்லாம் மேட்டிலிருந்த லோர்னாவையே பார்த்துக்கொண்டு நின்றன. விளக்கு அணைந்தது.